மண் சுவரும் 18 பவுண்டரும்: நெல்லைப் பாளையங்கள் ஆயுதம் புதுப்பித்த கதை

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்ததும் பக்கத்து நாடான போலந்துக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தன்னிடம் இருந்த பழைய டி-72 டாங்கிகளில் 200க்கு மேல் உக்ரைனுக்கு அனுப்பி வைத்தது. காலியான இடத்தை நிரப்ப அதே ஆண்டில் அமெரிக்காவிடம் 250 ஆப்ராம்ஸ் டாங்கிகளுக்கும், தென்கொரியாவிடம் முதல் தவணையாக 180 கே-2 டாங்கிகளுக்கும் ஆர்டர் கொடுத்தது. வானத்திலிருந்து வருவதைத் தடுக்க பேட்ரியட் ஏவுகணைகளை 2018லேயே வாங்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய படை நிற்கும்போது சின்ன நாடு எதை முதலில் புதுப்பிக்க வேண்டும்? கவசத்தையா, பீரங்கியையா? சொந்தமாகச் செய்துகொள்வதா, வெளியே வாங்குவதா? வாங்கினால் சண்டைக்கு முன்னால் வந்து சேருமா?

இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பு திருநெல்வேலிச் சீமையில் இருந்த பாளையக்காரர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். அவர்களிடம் டாங்கி இல்லை, கோட்டை இருந்தது. எதிரியிடம் விமானம் இல்லை, பீரங்கி இருந்தது. கவசத்துக்கும் குண்டுக்கும் நடந்த அந்தப் போட்டி 1755ல் தொடங்கி 1801ல் முடிந்தது.

கட்டபொம்மன் என்றதும் எல்லோருக்கும் 1959ல் வந்த படமும் சிவாஜி கணேசனின் வசனமும்தான் ஞாபகத்துக்கு வரும். வசனத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, சுவர் எவ்வளவு கனம், குண்டு எவ்வளவு எடை என்று பார்த்தால் அதே கதை வேறு மாதிரி தெரிகிறது. வீரம் குறைந்துபோவதில்லை. யார் எங்கே ஜெயித்தார்கள், எதனால் தோற்றார்கள் என்பது மட்டும் தெளிவாகிறது.

ஆற்றங்கரையும் கரிசலும்

முதலில் பூகோளம். பொதிகை மலையில் பிறந்து வரும் தாமிரபரணி, அணைக்கட்டுகளில் நின்று, கால்வாய்களில் பிரிந்து, இரண்டு கரையிலும் நெல் விளைய வைக்கிறது. வரி வசூலுக்கு இதுதான் பொன் விளையும் பூமி. இந்த நஞ்சை ஊர்களில் பெரும்பகுதி சர்க்கார் நிலம், அதாவது நேரடியாக ஆட்சியாளரின் வசூலுக்கு உட்பட்டது. பாளையங்கள் இருந்தது அதற்கு வெளியே. மேற்கே மலையடிவாரத்தில் நெற்கட்டும்செவல், சிவகிரி, ஊற்றுமலை, சொக்கம்பட்டி போன்ற மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசல் காட்டில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம், கடல்குடி போன்ற நாயக்கர் பாளையங்கள். (அன்று எல்லாமே திருநெல்வேலிச் சீமை. இன்று பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் தூத்துக்குடி மாவட்டத்தில், நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன.)

மதுரை நாயக்கர் காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு இது. பாளையக்காரர் தன் எல்லையில் வரி வாங்குவார், காவல் பார்ப்பார், அரசர் கூப்பிட்டால் ஆள் திரட்டிக்கொண்டு போவார். நாயக்கர் ஆட்சி 18ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் முடிந்துபோனது. பாளையக்காரர்களும் அவர்களுடைய படைகளும் அப்படியே இருந்தார்கள். மேலே உட்கார யார் வருவது என்பதுதான் கேள்வி. ஆற்காட்டு நவாப் முகமது அலி வந்தார். அவர் ஏற்கெனவே கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கடன்பட்டிருந்தார். கடனைத் தீர்க்க வரி வேண்டும், வரி வாங்கப் படை வேண்டும், படைக்கு மறுபடியும் கம்பெனியிடம் கடன்! இந்தச் சக்கரம்தான் வெள்ளைக்காரப் பீரங்கியைத் தாமிரபரணிக் கரைக்கு இழுத்து வந்தது.

பீரங்கி இல்லாமல் வந்த கர்னல்

1755ல் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான், நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு தெற்கே வந்தார். சுமார் 500 ஐரோப்பியர், 2,000 சிப்பாய்கள். மதுரையைப் பிடித்து, திருநெல்வேலியை அடைந்து, பாளையங்களிடம் வரி கேட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி அன்று கொஞ்சம் பணம் கொடுத்து, மீதிக்குப் பிணையாள் வைத்துச் சமாளித்தது. நெற்கட்டும்செவல் புலித்தேவன் கொடுக்க முடியாது என்றார்.

ஹெரான் கோட்டைக்கு முன்னால் போய் நின்றார். ஒன்றும் செய்ய முடியவில்லை. அவரிடம் இருந்த சின்னப் பீரங்கிகள் மண் சுவரில் பள்ளம் போட்டன, அவ்வளவுதான். சுவரை உடைக்கும் பெரிய பீரங்கி கையில் இல்லை. சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. புலித்தேவனுக்கு இந்த இரண்டு விஷயமும் தெரிந்திருந்தது. படை திரும்பிப் போயிற்று. ஹெரான் சென்னைக்குப் போனதும் விசாரணை நடந்து, கம்பெனி வேலையையே இழந்தார்.

இந்த இடத்தில் பீரங்கிக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் பிறகு வருவதெல்லாம் புரியும். அந்தக் காலத்தில் பீரங்கியை அது சுடும் இரும்புக் குண்டின் எடையால் அழைப்பார்கள். 6 பவுண்டர் என்றால் குண்டு சுமார் 2.7 கிலோ. 12 பவுண்டர் என்றால் சுமார் 5.4 கிலோ. 18 பவுண்டர் என்றால் சுமார் 8 கிலோ. 6 பவுண்டரை மாடு கட்டி எங்கும் இழுத்துப் போகலாம், வெட்டவெளியில் நிற்கும் ஆட்கள்மேல் சுடுவதற்கு நல்லது. கோட்டையை உடைக்க 18 பவுண்டர் வேண்டும். அதன் குழல் மட்டுமே சுமார் 2 டன். வண்டி, குண்டு, மருந்து எல்லாம் சேர்த்தால் மாட்டு மந்தையே வேண்டும். போதாததற்குக் கரிசல் மண்! மழை பெய்தால் சும்மா நடப்பவன் காலிலேயே படிப்படியாக அப்பிக்கொள்ளும். 2 டன் இரும்பு அதில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, கம்பெனிக்குப் பெரிய பீரங்கி இருந்தது. அதைக் கோட்டை வாசலுக்குக் கொண்டு வருவதுதான் பிரச்சினை. பாளையக்காரருக்குச் சுவர் இருந்தது. பெரிய பீரங்கி வந்து சேர்வதற்குள் எதிரியைச் சலிக்க வைப்பதுதான் வழி. அடுத்த 46 ஆண்டுச் சண்டையும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

மண் ஏன் கல்லைவிட நல்லது

கல் கோட்டைதான் பலம், மண் கோட்டை ஏழைக் கோட்டை என்று நினைப்பது இயல்பு. வாளும் அம்பும் இருந்த காலத்தில் அது சரி. பீரங்கி வந்த பிறகு தலைகீழ். கல் சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும், பெயர்ந்து விழும், சிதறிய துண்டே உள்ளே இருப்பவனைக் கொல்லும். ஒட்டும் தன்மையுள்ள கெட்டி மண் சுவரில் பட்டால் குண்டு உள்ளே புதைந்து நின்றுவிடும். ஐரோப்பாவில் இதே பாடத்தை 16ஆம் நூற்றாண்டில் படித்து, உயரக் கல் மதில்களை விட்டுவிட்டு, தாழ்ந்து அகன்ற மண் அணைகளுக்கு மாறினார்கள். நெல்லைச் சீமையில் இருந்தவர்கள் கரிசலையும் செம்மண்ணையும் வைத்தே அதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

மண்ணுக்கு இன்னொரு வசதி, உடைந்தால் உடனே அடைக்கலாம். வாசுதேவநல்லூர் இதற்கு நல்ல உதாரணம். 1759 கடைசியில் கம்பெனியின் தளபதி யூசுப்கான் (மருதநாயகம் என்று கமல்ஹாசன் படம் எடுக்கத் தொடங்கினாரே, அவரேதான்) அதைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1761ல்தான் நெற்கட்டும்செவல், பனையூர், வாசுதேவநல்லூர் மூன்றும் அவர் கைக்கு வந்தன. பிறகு அந்த யூசுப்கானே கம்பெனிக்கு எதிராகத் திரும்பி, மதுரைக் கோட்டையைப் பலப்படுத்தி, மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கி, கடைசியில் கூட இருந்தவர்களால் பிடித்துக் கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டது தனிக் கதை. அது முடிந்ததும் மேற்குப் பாளையங்கள் மறுபடி தலைதூக்கின.

1767ல் கர்னல் டொனால்டு கேம்பெல் வாசுதேவநல்லூருக்கு வந்தார். அவர் பீரங்கி சுவரை உடைத்தது. உடைந்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் வைக்கோலையும் மண்ணையும் பனை மரத்தையும் போட்டு அடைத்தார்கள். மறுபடி உடைத்தார், மறுபடி அடைத்தார்கள். சுடும்போதே ஆட்கள் உடைப்பில் நின்று வேலை செய்தார்கள், ஒருவன் விழுந்தால் அடுத்தவன் வந்தான். அவர்களுடைய துணிச்சலைக் கேம்பெலே தன் மேலிடத்துக்கு வியந்து எழுதியிருக்கிறார். கோட்டை கடைசியில் விழுந்தது, ஆனால் உள்ளே இருந்தவர்கள் கொட்டும் மழையில் வெளியேறிப் போயிருந்தார்கள்.

கோட்டையைக் கவசமாகப் பார்த்தால், இது கழற்றி மாட்டக்கூடிய கவசம். உதிரிப் பாகம் சுற்றிலும் வயலிலும் பனங்காட்டிலும் கிடக்கிறது. யாரிடமும் வாங்க வேண்டியதில்லை.

வாங்க வேண்டிய சாமான்

வாங்க வேண்டியது எது? துப்பாக்கி, பீரங்கி, மருந்து. ஈட்டியும் வல்லயமும் வாளும் உள்ளூர்க் கொல்லன் பட்டறையில் அடிக்கலாம். திரித்துப்பாக்கியும் கூடச் சமாளிக்கலாம். ஆனால் வெடிமருந்துக்கு வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் வேண்டும். வெடியுப்பை மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கலாம், கரிக்கு விறகு போதும். கந்தகம் இந்தப் பக்கத்து மண்ணில் கிடையாது, வியாபாரி கொண்டு வர வேண்டும். பெரிய பீரங்கி வார்க்க ஆலையும் ஆளும் வேண்டும், அது எந்தப் பாளையத்திலும் இல்லை.

அதனால் கடற்கரைப் பக்கம் பார்த்தார்கள். தூத்துக்குடி அப்போது டச்சுக்காரர் கையில், அவர்களுக்குத் தலைமையிடம் கொழும்பு. 1780களின் தொடக்கத்தில் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை. ஹைதர் அலியும் இங்கிலீஷ்காரரோடு சண்டையில். எதிரியின் எதிரி நண்பன் என்பது எல்லா ஊருக்கும் பொது. பாஞ்சாலங்குறிச்சி கொழும்பு டச்சு அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டது.

1783 ஆகஸ்டில் கர்னல் வில்லியம் புல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். கடும் சண்டை, இரண்டு பக்கமும் பலத்த சேதம். உடைப்பு வழியாக நுழைய முயன்றவர்களைக் கோட்டைக்காரர்கள் திருப்பி அடித்தார்கள். பிறகு இரவில் வெளியேறிப் போனார்கள். உள்ளே நுழைந்த புல்லர்டனுக்குக் கிடைத்தது: பீரங்கிகள், மருந்து, படைச் சாமான், 40,000 வராகன் பணம், கூடவே அந்த டச்சு உடன்படிக்கையின் மூலப் பிரதி!

இது வெளியே வாங்குவதில் இருக்கும் சிக்கலைக் காட்டுகிறது. டச்சுக்காரர் நண்பராக இருந்தது அவர்களுக்கும் இங்கிலீஷ்காரருக்கும் சண்டை இருந்தவரைதான். அதுவும் 1782லேயே இங்கிலீஷ்காரர் தூத்துக்குடியை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டதும் பாளையத்துக்கு வந்த வழி அடைபட்டது. ஆயுதம் விற்பவன் சண்டையை நிறுத்தும்போது வாங்கியவனைக் கேட்டுக்கொண்டு நிறுத்துவதில்லை.

1799: இரண்டு நாள் தாமதம்

1792ல் நவாப் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாளையங்களின் கப்பத்தைக் கம்பெனியே நேரடியாக வசூலிக்க ஆரம்பித்தது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனை வீரபாண்டிய கட்டபொம்மன் சந்தித்தது, அங்கே நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டது எல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் படைக்குப் போவோம்.

1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் இறந்தார். கம்பெனியின் கை ஓய்ந்தது. பெரிய எதிரி இல்லாத இந்தச் சமயத்தில் மேஜர் பானர்மேன் தெற்கே அனுப்பப்பட்டார். செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கனமான பீரங்கிகள் இன்னும் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து சேரவில்லை, ஆனாலும் பொறுக்காமல் வாசல் வழியாக நுழையப் பார்த்தார். தோல்வி. ஐரோப்பிய அதிகாரிகள் சிலர் செத்தார்கள். (அவர்களுடைய கல்லறைகள் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்தில் இருக்கின்றன.)

ஹெரான் 1755ல் செய்த அதே தப்பு. 44 வருஷத்தில் கம்பெனி இந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளவில்லை என்பது ஆச்சரியம்தான். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம், பெரிய பீரங்கி எங்கேயோ சென்னையில் இல்லை, இரண்டொரு நாள் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. இது கட்டபொம்மனுக்கும் தெரியும். ஜெயித்த கோட்டையை விட்டு அவர் ஏன் வெளியேறினார் என்று சிலர் கேட்பதுண்டு. பதில் இதுதான். 18 பவுண்டர் வந்துவிட்டால் மண் சுவர் எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? கோட்டை போனால் ஆட்களும் போவார்கள். வெளியே போனால் ஆட்களாவது மிஞ்சுவார்கள். செப்டம்பர் 6ஆம் தேதி இரவோடு இரவாக வெளியேறினார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு.

அடுத்து பானர்மேன் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். பாளையக் கோட்டைகளை இடிக்க உத்தரவிட்டார். துப்பாக்கி, ஈட்டி முதலான ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறி வைத்திருப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார். அந்த அறிவிப்பைச் செப்புத் தகட்டில் பொறித்துப் பாளையங்களுக்குக் கொடுத்தார்கள். கோயிலுக்கு நிலம் விட்டதையும் தானம் கொடுத்ததையும் செப்பேட்டில் எழுதிய நாட்டில், ஆயுதத்தைக் கீழே போடு என்ற உத்தரவும் செப்பேட்டில் ஏறியது!

1801: ஒரு வாரத்தில் எழுந்த கோட்டை

கட்டபொம்மனின் தம்பிகளும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார்கள். தம்பிகளில் ஒருவர் ஊமைத்துரை. 1801 பிப்ரவரி 2 மாலை, வெள்ளைக்கார அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் இருந்த நேரம், வெளியிலிருந்து வந்த ஆட்களின் உதவியோடு சிறையை உடைத்துக்கொண்டு போனார்கள். விறகு விற்பவர்கள் போல வேஷம் போட்டு வந்தார்கள் என்பது ஊர் வழக்கு. இரவோடு இரவாகச் சுமார் 50 கிலோமீட்டர், நேரே பாஞ்சாலங்குறிச்சி.

மெக்காலே கயத்தாற்றில் படையைத் திரட்டிக்கொண்டு பின்னால் போனார். பிப்ரவரி 9 அன்று பாஞ்சாலங்குறிச்சி வந்தபோது அவர் கண்ட காட்சி! 1799ல் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது, சுவர்மேல் ஆட்கள் நிற்கிறார்கள். தப்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஒரே வாரம். கம்பெனிப் படை அதைப் பார்த்துவிட்டுத் தாக்காமலேயே பாளையங்கோட்டைக்குத் திரும்பியது.

இந்தக் கோட்டை எப்படி இருந்தது என்பதை அந்தப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி பின்னாளில் எழுதினார். 1830ல் அவர் புத்தகம் வெளிவந்தது. எதிரி எழுதியது என்பதால் பாராட்டு வரும் இடங்களை நம்பலாம். கோட்டை பெரியதே இல்லை. நீளவாக்கில் சுமார் 500 அடி, அகலவாக்கில் சுமார் 300 அடி. ஒரு பெரிய பள்ளிக்கூட மைதானம் அளவு. சுவர் சுமார் 12 அடி உயரம், முழுக்க முழுக்கக் கெட்டி மண். சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள், அவற்றுக்கு இடையே குறுகிய சுவர்கள். பனை மரத்தைக் குடைந்து குழாயாக்கிச் சுவரில் பதித்திருந்தார்கள், அதன் வழியாகத் துப்பாக்கியால் சுடலாம், சுடுபவன் வெளியே தெரிய மாட்டான். எல்லாவற்றையும் சுற்றி அடர்ந்த முள்வேலி.

கம்பெனிக்காரர்களுக்குப் புரியாதது உள்ளே இருந்தது. சுவரின் உச்சியில் ஆள் நிற்க இடமே விடவில்லை. வழக்கமான கோட்டையில் ஏறியவன் மதில்மேல் காலூன்றிச் சண்டை போடுவான். இங்கே ஏறியவனுக்கு நிற்க இடமில்லை. கீழே உள்பக்கம் 18 முதல் 20 அடி நீளமுள்ள ஈட்டிகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். தலை தெரிந்தால் குத்து. உடைப்பு வழியாக வந்தாலும் அதே கதி. பழைய ஆயுதம்தான், ஆனால் புதிய இடத்தில் வைத்தார்கள்.

இன்னொன்று. உள்ளே தரையைத் தோண்டிப் பள்ளமும் பதுங்கு குழியுமாக வைத்திருந்தார்கள். வளைந்து மேலே போய் உள்ளே விழுந்து வெடிக்கும் குண்டுகளிலிருந்து தப்பிக்க இந்த ஏற்பாடு. இன்றைய பாஷையில் சொன்னால் வான்காப்பு! ஏவுகணை வாங்க வழியில்லாதவன் மண்வெட்டியை எடுத்தான்.

மார்ச் 31 அன்று மெக்காலே பெரிய படையோடு வந்து தாக்கினார். காலையிலிருந்து பீரங்கி சுட்டது, உடைப்பு விழுந்தது, போதும் என்று நினைத்து ஆட்களை அனுப்பினார்கள். உடைப்பு வரை போனார்கள், அதற்கு மேல் ஒருவனும் உள்ளே போய் உயிரோடு நிற்கவில்லை. முன்னணியில் சென்ற ஐரோப்பியர் 120 பேரில் காயம் படாமல் திரும்பியவர்கள் 46 பேர் என்று வெல்ஷ் எழுதுகிறார். மொத்தத்தில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 300க்கு மேல். பெயரில் பாளையக் கோட்டை, அளவில் மைதானம், எதிரே இந்தியாவின் மிகப் பெரிய படை. அப்படியும் இந்தக் கணக்கு.

ஊமைத்துரையைப் பற்றி வெல்ஷ் சொல்லும் ஒரு விஷயத்தை விட்டுவிட மனம் வராது. வாய் பேச முடியாத, மெலிந்த இளைஞன். ஆட்களுக்கு உத்தரவு சைகையில்தான். சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை உள்ளங்கையில் அடுக்கி, இதுதான் வெள்ளைக்காரப் படை என்று காட்டுவானாம். பிறகு மற்றக் கையால் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு அதைத் துடைத்து எறிவானாம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. கூட இருந்தவர்கள் அவனைச் சாமி என்று அழைத்தார்கள்.

இதற்கு நடுவே பாளையக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அங்கிருந்த கம்பெனி ஆயுதங்கள் கைக்கு வந்தன. வாங்க முடியாததைப் பறிப்பதுதான் மிஞ்சிய வழி. தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் கோயிலுக்குள் இருந்த கம்பெனிக் காவல் படையைச் சுற்றி வளைத்தார்கள், அதை மீட்கப் பாளையங்கோட்டையிலிருந்து தனிப் படை போக வேண்டியிருந்தது. ஆனால் துப்பாக்கியைப் பறிக்கலாம், 18 பவுண்டரைப் பறிக்க முடியாது. அது அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லவே இல்லை.

இன்னொரு குறையும் இருந்தது. எட்டயபுரம் பாளையம் கம்பெனியின் பக்கம் நின்று ஆட்கள் அனுப்பியது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு நீண்ட காலமாக உண்டு. கரிசல் காட்டின் வழியும் தண்ணீரும் தெரிந்த ஆட்கள் எதிரியோடு இருந்தால் வேலி எவ்வளவு அடர்த்தியாக இருந்து என்ன? இதைத் துரோகம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது சுலபம். பக்கத்துப் பாளையத்தை அன்றாடம் பயந்துகொண்டிருந்தவனுக்குத் தூரத்துக் கம்பெனி சின்ன ஆபத்தாகத் தெரிந்திருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தோற்ற படை இந்த முறை ஓடவில்லை. கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் கூடாரம் அடித்து, சுற்றிலும் மண் அணை போட்டுக்கொண்டு (அவர்களும் மண்ணைத்தான் நம்பினார்கள்!) கிட்டத்தட்ட இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தது. எதற்காக? பெரிய பீரங்கிக்காக. மே மூன்றாம் வாரத்தில் கர்னல் அக்னியூ புதிய படைகளோடும் கனரகப் பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தார். மே 23 அன்று சுட ஆரம்பித்தார்கள். மார்ச்சில் செய்ததுபோல அவசரப்படவில்லை. உடைப்பு நன்றாக அகலும்வரை, உள்ளே ஈட்டியோடு நிற்பவனுக்கு மறைவே இல்லாமல் போகும்வரை சுட்டார்கள். 24 அன்று உள்ளே நுழைந்தார்கள். அப்போதும் கடைசிவரை எதிர்ப்பு. மிஞ்சியவர்கள் கும்பலாகச் சேர்ந்து வெளியேறினார்கள், வெட்டவெளியில் குதிரைப்படை அவர்களை வெட்டியது.

மார்ச் 31க்கும் மே 24க்கும் நடுவில் சுவர் மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை, ஈட்டியின் நீளமும் மாறவில்லை. பீரங்கி மாறியது.

போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றியது ஒரு தாய். தன் மகனைத் தேடி வந்தாள். உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த மகன், என்னை விடு, சாமியைத் தூக்கிப் போ என்றானாம். வீட்டுக்குக் கொண்டுபோய் வெள்ளைத் துணியால் மூடி, அம்மை போட்டுச் செத்த பிள்ளை என்று சொல்லி அழுதாள். தேடி வந்தவர்கள் அம்மை என்றதும் திரும்பிப் போய்விட்டார்கள். வெல்ஷே எழுதியிருக்கும் விஷயம் இது. ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அங்கே கோட்டைக்குப் பதில் காடு கவசமாக இருந்தது. கம்பெனி காட்டை வெட்டிப் பாதை போட்டே முன்னேற வேண்டியிருந்தது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்தது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரையை நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள்.

அதற்கு நடுவே, 1801 ஜூலை 31 அன்று கர்நாடக ஆட்சியே நவாபிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறிவிட்டது. 1803ல் பாளையங்கள் ஜமீன்களாயின. ஆயுதமும் காவல் உரிமையும் போய், கட்ட வேண்டிய தொகை மட்டும் மிச்சம். பாஞ்சாலங்குறிச்சிக்கு அதுவும் இல்லை. அந்தப் பாளையத்தின் நிலங்களைக் கம்பெனிக்கு உதவியவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள், பெரிய பங்கு எட்டயபுரத்துக்கு. கோட்டையை இந்த முறை இடித்ததோடு விடவில்லை. ஒரு வாரத்தில் எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் போகவில்லை போலிருக்கிறது. சுவரைத் தட்டி, தரையை ஏர் பூட்டி உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். ஊர்ப் பெயரையே கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள்.

1974ல் தமிழக அரசு அங்கே கட்டபொம்மனுக்கு நினைவுக் கோட்டை கட்டியது. ஓட்டப்பிடாரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், தூத்துக்குடியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் போகலாம். போகிறவர்கள் வண்ணம் பூசிய புதுக் கோட்டையின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பழைய கோட்டை இருந்த மண்மேடு பக்கத்திலேயே கிடக்கிறது.